மன்னர் சேர்த்த ஓவியங்களும் பணியாளர் பெறாத கூலியும்

ஜான் எம்ப்ரீ என்பவர் பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் அரண்மனைகளின் கூரைகளுக்கு ஈயத் தகடு வேய்ந்தும் நீர்க்குழாய் பதித்தும் வந்தவர். செய்து முடித்த வேலைக்காக அரண்மனையிலிருந்து அவருக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு வரவேண்டியிருந்தது. வேலை வாங்கிய மன்னரோ உயிருடன் இல்லை. 1649ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிலாந்தில் மன்னராட்சியே இல்லை. புதிய அரசு அவருடைய கணக்கை ஒருவழியாகத் தீர்த்து வைத்தபோது, நிலுவையின் ஒரு பகுதிக்கு ஈடாக அவர் கையில் கொடுக்கப்பட்டவை ஓவியங்கள். அவற்றுள் ஒன்று வெனிஸ் நகரத்துப் பேரோவியர் டிஷியனின் படைப்பாகப் பதிவு செய்யப்பட்ட புனித மார்கரெட்டின் உருவம்.

இச்செய்தியை முதலில் படித்தபோது நான் சிரித்தேன். படிப்பவர் பெரும்பாலோரும் சிரிப்பர் என்றே நினைக்கிறேன். குழாய் பதிப்பவர் வீட்டில் டிஷியன் என்பது ஒரு நகைமுரண். இந்த வரலாற்றை எழுதிய பலரும் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொல்லிச் செல்கின்றனர். ஆனால் தொடர்ந்து படிக்கையில் அந்தச் சிரிப்பு எனக்கே உறுத்தத் தொடங்கியது. உழைத்தவருக்குக் கூலி வராமல் இருந்த காலமும் அந்த ஓவியம் மன்னரின் சுவரில் தொங்கிய காலமும் ஒரே காலம்தானே? அப்படியாயின் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்பதுதானே முறை? இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பார்க்கும் சிறு முயற்சி.

ஓவியக் கலையில் எனக்குத் துறைசார் பயிற்சி ஏதும் இல்லை. பழைய நூல்களோடு பழகுகிறவர்களுக்குப் பட்டியல்களின் மீதும், பட்டியல் எழுதியவர்களின் மீதும் ஒரு தனிப் பரிவு உண்டாகிவிடும். அந்தப் பரிவே என்னை இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் ஓவியச் சேகரிப்பின் பக்கம் இழுத்து வந்தது.

சார்லஸ் பிறந்தது 1600இல். அரியணை ஏறியது 1625இல். அவர் இளமையில் இங்கிலாந்து, ஓவியச் சேகரிப்பில் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் வெகுதூரம் பின்தங்கி இருந்தது. அரச மாளிகைகளில் முன்னோர் உருவப்படங்கள் தொங்கின, அவ்வளவுதான். இந்நிலையை மாற்ற முயன்றவர்கள் சிலரே. சார்லஸின் அண்ணன் இளவரசர் ஹென்றி ஓவியங்களும் வெண்கலச் சிற்பங்களும் சேர்க்கத் தொடங்கி, 1612இல் பதினெட்டு வயதில் மாண்டுபோனார். அரண்டல் பிரபு தாமஸ் ஹோவர்டு பழங்காலப் பளிங்குச் சிற்பங்களையும் ஹோல்பைனின் ஓவியங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். பக்கிங்ஹாம் பிரபு போட்டிக்கு நின்றார். இவர்களைப் பார்த்து வளர்ந்தவர் சார்லஸ்.

அவருடைய கண் முழுமையாகத் திறந்தது 1623இல் என்பர். ஸ்பெயின் இளவரசியை மணம் பேசும் பொருட்டு, ஜான் ஸ்மித், தாமஸ் ஸ்மித் என்று பொய்ப்பெயர் பூண்டு சார்லஸும் பக்கிங்ஹாமும் குதிரையேறி மாட்ரிட் சென்றனர். மணம் கூடவில்லை. ஆனால் மன்னர் நான்காம் பிலிப்பின் மாளிகைச் சுவர்களில் டிஷியனின் ஓவியங்கள் வரிசை வரிசையாகத் தொங்குவதை இளவரசர் கண்டார். ஓர் அரசன் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதற்கு அச்சுவர்களே அவருக்குப் பாடமாயின. மணப்பெண் இல்லாமல் திரும்பியவரின் மூட்டைகளில், நாயோடு நிற்கும் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் உருவமும், பார்டோ வீனஸ் எனப்படும் பெரிய ஓவியமும் இருந்தன. இரண்டும் டிஷியன் தீட்டியவை. இரண்டும் பிலிப்பின் அன்பளிப்பு. அதே ஆண்டில், திரைச்சீலை நெய்வதற்கான மாதிரியாக ரஃபேல் வரைந்த பெரிய தாள் ஓவியங்கள் ஏழும் இத்தாலியின் ஜெனோவா நகரத்திலிருந்து 300 பவுண்டுக்கு வாங்கப்பட்டன. உலகத்து இளவரசர்களுள் ஓவியத்தின்மேல் இவரளவு காதல் கொண்டவர் இல்லை என்னும் கருத்துப்பட, ஓவியர் ரூபன்ஸ் 1625இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ரூபன்ஸ் முகத்துதிக்குப் பழகியவர்தான். ஆயினும் இவ்விடத்தில் அவர் சொன்னது உண்மை.

காதல் பெரியதாயின் செலவும் பெரியதாகும். அது நிகழ்ந்தது மாந்துவாவில்.

வட இத்தாலியின் சிறு நாடாகிய மாந்துவாவைக் கொன்சாகா குடியினர் ஆண்டுவந்தனர். நாடு சிறிது, ஓவியக்கூடமோ ஐரோப்பாவின் தலைசிறந்தவற்றுள் ஒன்று. மாண்டெக்னா அவர்களுடைய அரண்மனை ஓவியர். ரூபன்ஸ் இளமையில் அவர்களிடம் பணிபுரிந்தவர். 1607இல் காரவாஜியோ வரைந்த ‘கன்னிமரியின் மரணம்’ என்னும் ஓவியத்தை உரோம நகரத்துத் தேவாலயம் ஒன்று ஏற்க மறுத்தபோது, அதை வாங்கிக்கொள்ளுமாறு மாந்துவாக் கோமகனுக்கு அறிவுரை சொன்னவரும் ரூபன்ஸே. இருபதாண்டுகளில் அக்குடி கடனில் மூழ்கியது. கோமகன் இரண்டாம் வின்சென்சோ 1627இல் முன்னோர் சேர்த்த ஓவியங்களை விற்க முன்வந்தார். சார்லஸின் சார்பில் இத்தாலியில் ஓவியம் தேடியவர் நிக்கோலஸ் லானியர் என்னும் அரண்மனை இசைஞர். பேரம் பேசி முடித்தவர் வெனிஸில் வாழ்ந்த டேனியல் நைஸ் என்னும் வணிகர்.

இவ்விடத்தில்தான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அதே 1627இல் இங்கிலாந்து பிரான்சோடு போரிட்டுக்கொண்டிருந்தது. பக்கிங்ஹாமின் தலைமையில் ரே தீவுக்குச் சென்ற படை உணவுக்கும் துணைப்படைக்கும் காத்துக் கிடந்தது. மன்னரின் பணப்பொறுப்பைக் கவனித்த புர்லமாக்கி என்னும் வணிகர், மாந்துவா ஓவியங்களுக்கான பெருந்தொகையை எங்கிருந்து புரட்டுவது, இந்த நேரத்தில் படைக்கல்லவா பணம் வேண்டும் என்னும் பொருளில் கவலையோடு எழுதினார். ஓவியங்கள் வாங்கப்பட்டன. ரே தீவுக்குச் சென்ற படையில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. ஓவியம் வாங்கியதனால்தான் அப்படை அழிந்தது என்று சொல்வது மிகை. தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரே கருவூலத்தின் முன் இரண்டு கைகள் நீண்டிருந்தன என்பதை மறுக்க முடியாது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. 1628இல் இரண்டாம் தவணையாக, மாண்டெக்னா வரைந்த ‘சீசரின் வெற்றி ஊர்வலம்’ என்னும் ஒன்பது பெருந்திரைகளும் பழஞ்சிற்பங்களும் சேர்த்து 10,500 பவுண்டுக்கு வாங்கப்பட்டன. ஈராண்டு கழித்து, 1630இல், பேரரசுப் படைகள் மாந்துவாவைப் பிடித்துச் சூறையாடின. ஓவியங்கள் அங்கேயே இருந்திருப்பின் என்னவாகியிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். ஒருவரின் பேராசை மற்றொருவரின் கொள்ளையிலிருந்து அவற்றைக் காத்தது. பணம் ஒழுங்காக வந்து சேராத நிலையில் நைஸ் 1631இல் நொடித்துப்போனார். ஈராண்டில் புர்லமாக்கியும் நொடித்துப்போனார். எம்ப்ரீக்கு முன்பே மன்னரின் ஓவியங்களுக்காக இழந்தவர்கள் இருந்தார்கள்.

ஓவியங்கள் கடல் கடந்த கதையும் துயரமானதே. ‘மார்கரெட்’ என்னும் கப்பலில் அவற்றோடு உலர் திராட்சையும் பாதரசமும் ஏற்றப்பட்டிருந்தன. வழியில் புயல். பாதரசம் கசிந்து ஓவியங்கள் பல கறுத்துப்போயின. டிஷியன் வரைந்த உரோமப் பேரரசர் வரிசையில் விட்டெல்லியஸின் உருவம் மீட்க இயலாதவாறு சிதைந்தது. அதற்கு மாற்றாகப் புதிய ஓவியம் ஒன்றைப் பின்னாளில் வான் டைக் வரைந்து கொடுத்தார்.

இவ்வாறு சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 1,500 ஓவியங்களும் 500 சிற்பங்களும் மன்னரின் மாளிகைகளில் நிறைந்தன. இவற்றைக் காக்கும் பொறுப்பு ஆபிரகாம் வான் டெர் டோர்ட் என்பவரிடம் இருந்தது. டச்சு நாட்டிலிருந்து வந்தவர். முன்பு இளவரசர் ஹென்றியிடம் பணிபுரிந்தவர். ஆங்கிலம் அவருக்குக் கைவரவில்லை. காதில் விழுந்தபடியே எழுதுவார். அந்தத் தடுமாறும் ஆங்கிலத்தில் 1639 வாக்கில் அவர் எழுதிவைத்த பட்டியல் இன்றும் இருக்கிறது.

அக்காலத்துப் பட்டியல்கள் பலவும், இந்த அறையில் இத்தனை படம் என்ற அளவில் நின்றுவிடுபவை. வான் டெர் டோர்ட் வேறுவகையான மனிதர். ஓவியத்தின் உயரம், அகலம், சட்டத்தின் தன்மை, அதில் உள்ள உருவங்களின் நிலை, ஒளி எப்பக்கமிருந்து விழுமாறு வரையப்பட்டது என்பது வரை குறித்தார். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எதற்கு மாற்றாகப் பெற்றது என்பதையும் எழுதினார். மாந்துவாவிலிருந்து வந்தவற்றை அப்பெயரால் சுட்டினார். பாதரசத்தால் கெட்டவற்றையும் மறைக்காமல் எழுதினார். மன்னரின் ஓவியங்கள் பலவற்றின் பின்புறத்தில் மகுடத்தோடு கூடிய ‘சி.ஆர்.’ என்னும் சூட்டுமுத்திரை இருந்தது. முத்திரை சொன்னது ‘இது மன்னருடையது’ என்பதை. பட்டியல் சொன்னது ‘இது மன்னருக்கு முன் வேறொருவருடையது’ என்பதை.

அவருடைய முடிவை அக்காலத்தவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கிப்சன் என்பவர் வரைந்த சிற்றோவியம் ஒன்றைத் தனிக்கவனத்தோடு காக்குமாறு மன்னர் சொல்லியிருந்தாராம். அதை மிகப் பத்திரமாக எங்கோ எடுத்துவைத்த முதியவர், மன்னர் கேட்டபோது கண்டுபிடிக்க இயலாமல் கலங்கி, 1640இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் மறைந்த பிறகு அது கிடைத்தது. அச்சிற்றோவியத்தின் பொருள், விவிலியத்தில் வரும் காணாமற்போன ஆட்டின் உவமை. கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கூடுதல் என்பது இருக்கட்டும். ஆயிரக்கணக்கான பொருள்களைக் காத்தவர் ஒன்றைத் தவறவிட்டதாக எண்ணி மாண்டார் என்பதைப் படிக்கும்போது, உடைமையாளரைவிடக் காவலாளரே பொருளின் கனத்தை அறிந்தவர் என்று தோன்றுகிறது.

அதற்குள் வெளியே நிலைமை முற்றிவிட்டது. 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே சார்லஸ் ஆண்டார். நாடாளுமன்றம் இல்லையேல் முறையான வரியும் இல்லை. கடற்கரை ஊர்களிடம் போர்க்காலத்தில் மட்டும் தண்டப்பட்ட கப்பல் வரியை 1634 முதல் அமைதிக்காலத்திலும் தண்டினார். அடுத்த ஆண்டிலேயே உள்நாட்டு ஊர்களுக்கும் அது விரிக்கப்பட்டது. மக்கள் கொதித்தனர். வைட்ஹால் அரண்மனையின் விருந்து மண்டபத்து மேற்கூரையில், சார்லஸின் தந்தை ஜேம்ஸ் விண்ணேறும் காட்சி ரூபன்ஸின் கைவண்ணத்தில் 1636இல் பொருத்தப்பட்டது. அவ்வோவியங்களைத் தீவட்டிப் புகை கெடுத்துவிடும் என்று, அதுவரை அங்கு நடந்துவந்த ஆடல் நிகழ்ச்சிகளையே நிறுத்திவிட்டனர். ஓவியத்துக்குக் காட்டிய அந்த நுண்ணிய கவனத்தில் சிறுபங்கு ஆட்சியில் காட்டப்பட்டிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1642இல் உள்நாட்டுப் போர். 1649 சனவரி 30 அன்று, அதே விருந்து மண்டபத்தின் வழியாகச் சார்லஸ் நடத்திச் செல்லப்பட்டு, வெளியே அமைத்திருந்த மேடையில் தலை துணிக்கப்பட்டார்.

அவ்வாண்டு சூலையில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மறைந்த மன்னர், அரசி, இளவரசர் ஆகியோரின் உடைமைகள் யாவும் மதிப்பிட்டு விற்கப்பட வேண்டும். வரும் பணத்தில் முதல் 30,000 பவுண்டு கடற்படைக்கு. பிறகு, மன்னரிடம் பணிபுரிந்து ஊதியம் பெறாதவர்களுக்கும் அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும். சட்டத்தின் இந்தப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. கலை அறியாத கூட்டம் கலைச்செல்வத்தைக் கூறுபோட்டது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் கதை. விற்றவர்கள் கலையை அறிந்தவர்களா என்பது வேறு வினா. அவர்கள் முன்னிருந்த கணக்கில் மன்னரின் கடன்கள் இருந்தன. அவற்றுள் சமையற்காரர், துணி விற்றவர், கூரை வேய்ந்தவர் ஆகியோரின் கூலிகளும் அடங்கும்.

1649 அக்டோபரில் சாமர்செட் மாளிகையில் விற்பனை தொடங்கியது. மதிப்பீட்டாளர்கள் இட்ட விலைகள் இன்று நமக்கு வியப்பளிப்பவை. ரஃபேலின் திருக்குடும்ப ஓவியம் ஒன்றுக்கு 2,000 பவுண்டு; ஓவியங்களுள் அதுவே மிக உயர்ந்த விலை. பார்டோ வீனஸுக்கு 600. ரஃபேலின் ஏழு தாள் ஓவியங்களுக்கும் சேர்த்து 300. ஆனால் ஆபிரகாமின் வரலாற்றைச் சித்திரிக்கும் பத்துத் திரைச்சீலைகளுக்கு மட்டும் 8,260 பவுண்டு! பொன்னிழையும் வெள்ளியிழையும் எடை போட்டு விற்கக்கூடியவை. ரஃபேலின் கோட்டை எந்தத் தராசில் நிறுப்பது? அத்திரைச்சீலைகளும், ரஃபேலின் தாள் ஓவியங்களும், மாண்டெக்னாவின் ஊர்வலமும் விற்கப்படாமல் கிராம்வெல்லின் ஆட்சிக்கென நிறுத்தி வைக்கப்பட்டன. மன்னரை வீழ்த்தியவருக்கும் மன்னரின் சுவரலங்காரம் வேண்டியிருந்தது.

விற்பனை மந்தமாகவே நடந்தது. போர் முடிந்த நகரத்தில் ரொக்கம் வைத்திருந்தவர் சிலரே. ஆகவே பணத்துக்குப் பதில் பொருளையே கடனுக்கு ஈடாகக் கொடுக்கத் தொடங்கினர். 1651இல் கடன் கொடுத்தோர் 14 குழுக்களாகச் சேர்ந்து, ஒவ்வொரு குழுவும் தன் பங்குக்கு ஓவியங்களும் சிலைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் பெற்றுச் சென்றது. எம்ப்ரீ போன்றோரின் கைக்கு டிஷியன் வந்தது இவ்விற்பனையில்தான். மாந்துவா ஓவியங்களைத் தேடிச் சென்ற இசைஞர் லானியரும் அக்கூட்டத்தில் நின்றார். வான் டைக் தீட்டிய தம் சொந்த உருவப்படத்தைத் தாமே விலை கொடுத்து மீட்டார்.

கூலிக்கு ஓவியம் பெற்றவருக்கு அதனால் என்ன பயன்? அதைக் கொண்டு அரிசியா வாங்க முடியும், ரொட்டியா வாங்க முடியும்? ஆகவே வந்த விலைக்கு விற்றனர். வாங்கக் காத்திருந்தவர்கள் அயல்நாட்டவர். ஸ்பெயின் தூதர் கார்டெனாஸ், தம் நாட்டு அமைச்சர் லூயிஸ் டி ஹாரோவுக்காகவும் அவர் வழியே மன்னர் பிலிப்புக்காகவும் ஓசையின்றி வாங்கிக் குவித்தார். ரஃபேலின் அந்த 2,000 பவுண்டு ஓவியத்தைக் கண்ட பிலிப், இதுவே என் முத்து என்று மகிழ்ந்ததாகச் சொல்வர். இன்றும் ‘லா பெர்லா’, அதாவது முத்து, என்பதே அதன் பெயர். முன்பு அன்பளிப்பாகத் தந்த ஐந்தாம் சார்லஸின் உருவமும் மாட்ரிட் திரும்பியது. அவ்வேளையில் மாட்ரிட்டில் தங்கியிருந்தவர், நாடு கடந்து வாழ்ந்த இளவரசர் இரண்டாம் சார்லஸின் தூதரான எட்வர்டு ஹைடு. ஓவியங்கள் 18 கோவேறு கழுதைகளின் மேல் நகருக்குள் வர இருந்தன என்றும், தாம் அவற்றைக் காணும் சங்கடம் நேராதிருக்கவே தம்மை விரைந்து வெளியேறச் சொன்னார்கள் என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார். தந்தையின் தலையைக் கொய்தவர்கள் செயலைக் கண்டித்த அரசர்களே அத்தந்தையின் சுவர்களில் இருந்தவற்றைப் பங்கிட்டுக்கொண்டனர்.

பிரான்சும் பின்தங்கவில்லை. மன்னரின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான கர்னல் ஹட்சின்சன் பார்டோ வீனஸை வாங்கி, பிரான்சின் தலைமை அமைச்சர் மஸாரினுக்கு ஆதாயத்தோடு கைமாற்றினார். கொலோன் நகரத்து வங்கியாளர் யாபாக் பலவற்றை வாங்கினார். பின்பு தாமே பொருள் நெருக்கடிக்கு ஆளாகி, 1662இலும் 1671இலும் மன்னர் பதினான்காம் லூயிக்கு விற்றார். காரவாஜியோவின் ‘கன்னிமரியின் மரணம்’ இன்று பாரிஸின் லூவர் காட்சியகத்தில் இருப்பது இவ்வழியில்தான். ஒரு தேவாலயம் வேண்டாமென்றது. ஒரு கோமகன் வாங்கினார், கடனால் அவர் குடி விற்றது. ஒரு மன்னர் வாங்கினார், தலையிழந்தார். ஒரு வங்கியாளர் வாங்கினார், நொடித்தார். மற்றொரு மன்னர் வாங்கினார், அவருடைய வழித்தோன்றலும் தலையிழந்தார். அந்த ஓவியத்தில் மரியைச் சூழ்ந்து நிற்பவர்கள் எளிய மனிதர்கள். அவர்கள் இத்தனை பேரையும் பார்த்துவிட்டார்கள்.

1660இல் மன்னராட்சி மீண்டது. இரண்டாம் சார்லஸ் வந்ததும், மறைந்த மன்னரின் உடைமை வைத்திருப்போர் திருப்பித் தர வேண்டும் என்று ஆணை பிறந்தது. உள்நாட்டில் எஞ்சியவற்றுள் பல மீண்டன. கடல் கடந்தவை மீளவில்லை. கூலிக்கு ஈடாகப் பெற்றவர்களும் பொருளைக் கொண்டுவந்து கொடுத்தனர். மன்னரின் உடைமையை மீட்பதில் காட்டிய விரைவு, பணியாளரின் பழைய கூலியைத் தீர்ப்பதில் காட்டப்படவில்லை.

அழிந்தவையும் உண்டு. பெர்னினி செதுக்கிய சார்லஸின் மார்பளவுச் சிலை 1698இல் வைட்ஹால் தீயில் போயிற்று. ஸ்பெயின் சென்ற உரோமப் பேரரசர் வரிசை 1734இல் மாட்ரிட் அரண்மனைத் தீயில் வெந்தது. எஞ்சியவற்றுள் ஏறத்தாழ 140 படைப்புகளை, பல நாடுகளிலிருந்தும் இரவல் பெற்று, 2018இல் இலண்டன் ராயல் அகாதெமி ஓரிடத்தில் காட்சிக்கு வைத்தது. 370 ஆண்டுகளுக்குப் பின், சில மாதங்களுக்கு, அச்சேகரிப்பின் ஒரு சிறு பகுதி மீண்டும் ஒன்றுகூடியது.

அவ்வாறு ஒன்றுகூட முடிந்ததற்குக் காரணம் இரண்டு பட்டியல்கள். ஒன்று வான் டெர் டோர்ட்டினுடையது. பொருள் எங்கிருந்து வந்தது என்று சொல்வது. மற்றொன்று விற்பனை அலுவலர்கள் எழுதியது. பொருள் யாருக்கு, என்ன விலைக்கு, எந்தக் கடனுக்காகப் போயிற்று என்று சொல்வது. இன்றும் ஐரோப்பியப் பழம்பொருள் சந்தையில் ஒரு பொருளின் விலையைத் தீர்மானிப்பதில் அதன் கைமாறிய வரலாற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. 2017 நவம்பரில் லியோனார்டோ டா வின்சியின் படைப்பு என்று விற்கப்பட்ட ‘உலக மீட்பர்’ 45 கோடி டாலருக்கும் மேல் போயிற்று. அது சார்லஸின் சேகரிப்பில் இருந்தது என்று சொல்லப்பட்டதும் அதன் மதிப்பைக் கூட்டியது. அவ்வுரிமைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பதிவுகளுள் ஒன்று, லியோனார்டோ வரைந்த கிறிஸ்து உருவம், விலை 30 பவுண்டு என்னும் விற்பனைப் பட்டியலின் ஒற்றை வரி. ஆனால் சார்லஸின் சூட்டுமுத்திரை தாங்கிய அதே வகை ஓவியம், லியோனார்டோவின் சீடர் ஒருவர் வரைந்தது, மாஸ்கோவின் புஷ்கின் காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வரி எந்த ஓவியத்தைக் குறித்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கோடிகளின் வழக்கு, கூலி தீர்ப்பதற்காக எழுதிய ஒரு கணக்கேட்டின் வரியைச் சுற்றி நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். சார்லஸிடம் ரஃபேலின் ‘புனித ஜார்ஜ்’ என்னும் சிறிய ஓவியம் இருந்தது. ஹோல்பைனின் கோட்டோவியத் தொகுப்பு ஒன்றைப் பெம்புரோக் பிரபுவுக்குக் கொடுத்து மாற்றாகப் பெற்றது. விற்பனையில் அது பிரான்சுக்குப் போனது. 1772இல் உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரின் அதை உள்ளடக்கிய குரோசா சேகரிப்பை வாங்கினார். உருசியப் புரட்சிக்குப் பின், அயல்நாட்டுப் பணம் வேண்டிய சோவியத் அரசு 1930, 1931 ஆண்டுகளில் ஹெர்மிட்டாஜ் காட்சியகத்தின் ஓவியங்கள் 21ஐ அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ மெல்லனுக்கு விற்றது. அவற்றுள் இதுவும் ஒன்று. மெல்லன் தம் சேகரிப்பை நாட்டுக்கு அளித்தார். 1941இல் வாஷிங்டனில் தேசிய ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. இரண்டு மன்னர் குடிகளின் வீழ்ச்சியையும் இரண்டு புரட்சி அரசுகளின் விற்பனையையும் கண்ட ஓவியம், இறுதியில் கட்டணமின்றி எவரும் நின்று பார்க்கும் சுவருக்கு வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றில் சார்லஸை எங்கே வைப்பது? அவர் பொய்யான சுவைஞர் அல்லர். அவர் சேர்க்காமல் இருந்திருந்தால் மாந்துவாவின் செல்வத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று தெரியாது. அவருடைய காதல் உண்மை; கொடுக்காத கூலியும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது என்பதே நான் கண்டது. காட்சியகங்களில் ஓவியத்தின் அருகே சிறு அட்டையில் உடைமையாளர் பெயர்கள் வரிசையாக இருக்கும். கோமகன், மன்னர், அமைச்சர், வங்கியாளர். அந்த வரிசையில் ஒருகாலம் குழாய் பதித்தவர் ஒருவரும் நின்றார். அவர் பெயரைப் படிக்கும்போது இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த வரிசையில் ஓவியத்தைத் தன் உழைப்பால் பெற்றவர் அவர் ஒருவரே என்று தோன்றுகிறது.